கூப்பிட்டா திரும்பிப் பார்க்குது... ஆனா ஒரு காது கேட்காது! ராஜபாளையம் குட்டி வாங்கும் முன் எந்த டெஸ்ட் அவசியம்?

பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, நெடுநெடு கால்கள். 2005-ல் தபால் தலையிலேயே இடம்பிடித்த ராஜபாளையம் நாயை யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அந்த வெள்ளை நிறத்தோடு ஒரு சிக்கலும் பரம்பரையாகத் தொடர்கிறது. சில குட்டிகளுக்குக் காது கேட்பதில்லை.

வெள்ளைக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?

தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் தரும் நிறமி செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அவை அங்கே இல்லாவிட்டால் ஒலியை உணரும் நுண்ணிய செல்கள் செத்துவிடும். உடம்பை வெள்ளையாக்கும் மரபணு, சில குட்டிகளில் நிறமி செல்களைக் காதுவரை போய்ச் சேர விடுவதில்லை. பிறந்த சில வாரங்களிலேயே கதை முடிந்துவிடும். பிறகு மருந்து கொடுத்துச் சரிசெய்ய முடியாது. டால்மேஷன் இனத்தில் நன்றாக ஆராயப்பட்ட விஷயம் இது.

கை தட்டிப் பார்த்தா போதாதா?

போதாது. கை அசைவதைக் கண் பார்த்துவிடும். தட்டைக் கீழே போட்டால் தரையின் அதிர்வு காலில் தெரியும். கூடப் பிறந்த குட்டிகள் எழுந்து ஓடினால் இதுவும் பின்னாலேயே ஓடும்.

இரண்டு காதும் கேட்காத குட்டியை எப்படியும் ஒருநாள் கண்டுபிடித்துவிடலாம். ஒற்றைக் காது மட்டும் கேட்காத குட்டிதான் எல்லோரையும் ஏமாற்றும். கூப்பிட்டால் வரும், மணி அடித்தால் குரைக்கும். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதில் மட்டும் கொஞ்சம் தடுமாறும். கேட்கும் காதை தரையில் அழுத்திப் படுத்திருந்தால் எழுந்திருக்காது. 'நல்ல குட்டி' என்று அதையே இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்வார்கள். குறை அப்படியே அடுத்த தலைமுறைக்குப் போகும்.

அப்போ என்ன டெஸ்ட்?

பி.ஏ.இ.ஆர். பிறந்த குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியில் எடுக்கிறார்களே 'பெரா' டெஸ்ட், அதே முறைதான். தலைத் தோலில் மெல்லிய ஊசி மின்முனைகளைப் பொருத்தி, ஒவ்வொரு காதிலும் தனித்தனியாக 'டிக் டிக்' ஒலி கொடுப்பார்கள். மூளைத்தண்டு பதில் சொன்னால் திரையில் அலை எழும்பும். கேட்காத காதுக்கு நேர்கோடுதான். குட்டிக்கு 5 வாரம் ஆனாலே எடுக்கலாம், வாழ்நாளில் ஒருமுறை போதும். இந்த வகைக் காது கேளாமைக்கு ரத்தத்தையோ எச்சிலையோ கொடுத்து டி.என்.ஏ. டெஸ்ட் எடுக்க வழியில்லை.

பலன் உண்டா? பிரிட்டனில் 1992 முதல் டால்மேஷன் குட்டிகளுக்கு இந்தச் சோதனை செய்து வருகிறார்கள். பாதிப்பு இருந்த குட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு காதுதான் கேட்கவில்லை. சோதித்துப் பார்த்து இணை சேர்த்ததில், சுமார் 26 ஆண்டுகளில் காது கேளாமை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இரண்டு காதும் கேட்கும் ஜோடிக்கும் சில சமயம் கேட்காத குட்டி பிறக்கும் என்பதால் முழுதாக ஒழியவில்லை.

'பேப்பர்ஸ் இருக்கு சார்!'

விற்பவர் முதலில் சொல்வது இதைத்தான். கென்னல் கிளப் சான்றிதழ், குட்டியின் அப்பா யார், தாத்தா யார் என்று சொல்லும். அந்தத் தாத்தாவுக்குக் காது கேட்டதா என்று சொல்லாது. லாப்ரடார் வாங்குவோரும் கவனிக்கலாம்: பெற்றோருக்கு இடுப்பு எக்ஸ்ரே, பார்வையிழப்பு நோய்க்கான டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தார்களா என்று கேளுங்கள். அந்தப் பார்வையிழப்பு மரபணுவை வெளியே தெரியாமல் சுமக்கும் இரண்டு நாய்களை இணை சேர்த்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு.

ஏற்கெனவே வாங்கிய குட்டிக்குக் காது கேட்கலையா? பயப்பட வேண்டாம். கை சைகையில் நன்றாகவே பழகும். தூங்கும்போது திடீரென்று தொடாதீர்கள், பயந்து கடிக்கலாம். வண்டி ஹாரன் கேட்காது என்பதால் ரோட்டில் கயிறு இல்லாமல் விடவே கூடாது. இனப்பெருக்கத்துக்கும் பயன்படுத்த வேண்டாம்.