ஒரு நொடியின் விலை

நுழையும்முன்

ஒரே தொழிற்சாலையில் உருவாகி, ஏறத்தாழ ஒரே தோற்றத்தில், இரண்டு மூன்று விலைகளில் மின்னூர்திகள் விற்கப்படுகின்றன. விலை கூடக்கூட வேகமும் கூடுகிறது. அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கலாமா, வேண்டாமா? இயற்பியல் வகுப்பிலும் கணக்கு வகுப்பிலும் நாம் கற்றவற்றைக் கொண்டே இதற்கு விடை தேட முற்படுகிறது இக்கட்டுரை.

எல்லையோர மாவட்டம்

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி வட்டத்தில் அமைந்த பேரூர் நாகரசம்பட்டி. மாந்தோப்பும் தென்னையும் கிணற்றுப் பாசனமும் கொண்ட இப்பகுதியிலிருந்து இன்று இளைஞர்கள் பலர் தொழிற்சாலைப் பணிக்குச் செல்கின்றனர். கருநாடக எல்லையையொட்டிய ஓசூர், நெடுங்காலமாகவே ஊர்தித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம். 1980ஆம் ஆண்டில் டிவிஎஸ் 50 என்னும் சிறிய மொபெட் அங்கிருந்துதான் வெளிவந்தது. தேங்காய் மூட்டை, பால் கேன், தீவனப் புல், பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர் என எதை ஏற்றினாலும் தயங்காமல் சென்ற வண்டி அது. அது எத்தனை நொடியில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தை எட்டும் என்று வாங்கியவர் எவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இன்று அக்கேள்வியே விளம்பரத்தின் முதல் வரியாகிவிட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் ஆகிய இருவரும் 2013இல் தொடங்கிய ஏத்தர் எனர்ஜி நிறுவனம் ஓசூரில் மின் ஸ்கூட்டர்களை உருவாக்குகிறது. போச்சம்பள்ளிப் பகுதியில் ஐந்நூறு ஏக்கர் பரப்பில் ஓலா நிறுவனத்தின் மின் ஸ்கூட்டர் தொழிற்சாலை 2021 முதல் இயங்கி வருகிறது. சூளகிரியிலும் ஒரு மின் ஸ்கூட்டர் தொழிற்சாலை உண்டு. ஆக, மின்னூர்தியைச் செய்யும் கைகளும் அதை வாங்க நினைக்கும் கைகளும் இம்மாவட்டத்தில் பெரும்பாலும் ஒன்றே.

என் பழைய மாணவர் ஒருவர் நாகரசம்பட்டியில் வசிக்கிறார். அருகிலுள்ள தொழிற்பேட்டையில் பணிபுரிகிறார். ஒருநாள் மாலை இரண்டு விளம்பரத் தாள்களுடன் வீட்டிற்கு வந்தார். "ஐயா, இதற்கும் அதற்கும் ஐம்பத்தொன்பதாயிரம் வித்தியாசம். எதை எடுக்கலாம்?" என்று கேட்டார். தங்கையின் கல்லூரிக் கட்டணம் அவர் சம்பளத்திலிருந்தே செல்கிறது என்பது எனக்குத் தெரியும். அன்று நாங்கள் இருவரும் போட்ட கணக்கே இக்கட்டுரையின் அடிப்படை.

கிணறும் மோட்டாரும்

அவர் கொண்டுவந்த தாள்களில் ஒன்று ஏத்தர் 450எஸ். 2023 ஆகஸ்டில் 1,29,999 ரூபாய் விலையில் அறிமுகமானது. மற்றொன்று ஏத்தர் 450 ஏபெக்ஸ். 2024 சனவரியில் 1,88,999 ரூபாய் விலையில் வந்தது. (விலைகள் பின்னர் மாறின. நமக்கு வேண்டியது கணக்கிடும் முறையே.) முதல் வண்டி நின்ற நிலையிலிருந்து மணிக்கு 40 கி.மீ. வேகத்தை எட்ட 3.9 நொடி எடுத்துக்கொள்கிறது, இரண்டாவது 2.9 நொடி. உச்ச வேகம் முறையே 90, 100 கி.மீ. மின்கலத் தொகுதியின் கொள்ளளவு 2.9, 3.7 கிலோவாட் மணி. மோட்டாரின் உச்சத் திறன் 5.4, 7 கிலோவாட்.

இவ்வெண்களைப் படிக்கும்முன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கிலோவாட் என்பது திறனின் அலகு. கிலோவாட் மணி என்பது ஆற்றலின் அலகு. கடைகளில் இவ்விரண்டையும் கலந்தே பேசுகின்றனர். நம் ஊர்க் கிணற்றை எண்ணிப் பார்த்தால் குழப்பம் நீங்கிவிடும். கிணற்றிலுள்ள நீரின் அளவு ஆற்றல் போன்றது; மோட்டாரின் குதிரைத்திறன் அந்நீரை எவ்வளவு விரைவாக இறைக்கலாம் என்பதைச் சொல்வது. ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை எடுத்துவிட்டு ஏழரை மோட்டாரைப் பொருத்தினால் வாய்க்காலில் நீர் வேகமாகப் பாயும். கிணற்றில் ஊற்று பெருகாது. மேற்சொன்ன ஏழு கிலோவாட் என்பது ஏறத்தாழ ஒன்பதரைக் குதிரைத்திறன். வயலுக்கு நீர் இறைக்கும் மோட்டாரைவிட வலியதொன்றை ஓர் ஆளைச் சுமக்கும் வண்டியில் பொருத்தியிருக்கிறார்கள்!

மின்மோட்டாரின் இயல்பு இன்னொன்றும் உண்டு. பெட்ரோல் எந்திரம் குறிப்பிட்ட சுழற்சி வேகத்தை எட்டிய பின்னரே தன் முழு வலிமையைக் காட்டும். மின்மோட்டாரோ சுழலத் தொடங்கும் கணத்திலேயே முழுத் திருப்புவிசையையும் தரவல்லது. ஆகவே குறைந்த விலை வண்டியும் சுறுசுறுப்பாகவே புறப்படுகிறது. உயர்விலை வண்டி தருவது, போதுமான சுறுசுறுப்புக்கு மேற்பட்ட ஒரு நொடி.

அந்த நொடியின் விலை சில வேளைகளில் முற்றிலும் மென்பொருளில் அடங்கியிருப்பதும் உண்டு. மோட்டாருக்கு எவ்வளவு மின்னோட்டம் செல்லலாம் என்பதைக் கட்டுப்பாட்டுக் கருவியின் மென்பொருளே வரையறுக்கிறது. 2019இன் இறுதியில் அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம், மாடல் 3 காரின் ஒரு வகைக்கு இரண்டாயிரம் டாலர் கட்டணத்தில் முடுக்கத்தைக் கூட்டித் தந்தது. அறுபது மைல் வேகத்தை எட்டும் நேரம் 4.4 நொடியிலிருந்து 3.9 நொடியாகக் குறைந்தது. காரின் ஒரு திருகைக்கூட யாரும் தொடவில்லை. இணையத்தின் வழியே மென்பொருள் மட்டும் மாறியது.

எரிபொருள் மிச்சம் யாருடையது?

மாணவர் முதலில் சொன்ன வாதம் இது: "பெட்ரோல் செலவு மிச்சமாகிறதே, ஐயா. அந்த மிச்சமே கூடுதல் விலையைக் கட்டிவிடும்." பலரும் சொல்வதுதான். இதில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது.

அவர் வேலைக்கும் வீட்டுத் தேவைகளுக்குமாக நாளொன்றுக்கு 40 கி.மீ. ஓட்டுகிறார். ஆண்டுக்கு 300 நாள் எனக் கொண்டால் 12,000 கி.மீ. லிட்டருக்கு 45 கி.மீ. ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு ஏறத்தாழ 267 லிட்டர் தேவை. லிட்டர் நூறு ரூபாய் என்றால் 26,700 ரூபாய். மின் ஸ்கூட்டர் நூறு கிலோமீட்டருக்கு மூன்று யூனிட் மின்சாரம் செலவிடுவதாகவும் மின்னேற்றத்தின்போது சிறிது வீணாவதாகவும் கொண்டால் ஆண்டுக்கு 400 யூனிட். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் எனக் கொண்டாலும் 3,200 ரூபாய்தான். மிச்சம் 23,500 ரூபாய். பெரிய தொகைதான், ஐயமில்லை.

ஆனால் இம்மிச்சம் எந்த வண்டிக்கு உரியது? இரண்டுக்கும் உரியது. 1,29,999 ரூபாய் வண்டியை வாங்கினாலும் இதே தொகை மிஞ்சும். மின்னூர்தி என்பதால் வரும் பயனை, விரைவான மின்னூர்தி என்பதன் கணக்கில் எழுதுவது தவறு. மிச்சத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 59,000 ரூபாய் அப்படியே நிற்கிறது. அதையும் கடனாகப் பெற்றால், ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியில் 36 தவணைகளுக்கு மாதந்தோறும் ஏறத்தாழ 1,900 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தத்தில் 68,500 ரூபாய் ஆகிவிடும்.

அந்தப் பணத்திற்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது? நாள்தோறும் இருபது முறை நின்று புறப்படுவதாகவும் ஒவ்வொரு முறையும் முறுக்கியை முழுவதும் திருகுவதாகவும் வைத்துக்கொள்வோம். (நெல் ஏற்றிய டிராக்டர் முன்னே சென்றால் இது நடவாது.) நாளொன்றுக்கு 20 நொடி, ஆண்டுக்கு 6,000 நொடி, அதாவது நூறு நிமிடம். ஐந்தாண்டில் எட்டு மணி இருபது நிமிடம். வட்டியை விட்டுவிட்டாலும் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ ஏழாயிரம் ரூபாய் ஆகிறது. மாணவர் சிரித்துவிட்டார்.

மின்கலம் என்னும் மறுபக்கம்

இங்கேயே நிறுத்திவிட்டால் உயர்விலை வண்டிக்கு அநீதி இழைத்தவர்கள் ஆவோம். 59,000 ரூபாய் முழுவதும் அந்த ஒரு நொடிக்கானது அன்று. அதில் 0.8 கிலோவாட் மணி கூடுதல் மின்கலமும் அடங்கியுள்ளது. நூறு கிலோமீட்டருக்கு மூன்று யூனிட் என்ற கணக்கில் இது இருபத்தாறு, இருபத்தேழு கிலோமீட்டர் கூடுதல் தொலைவு. மேலும், பெரிய மின்கலத்தை அடிக்கடி முழுவதும் வடித்து நிரப்ப வேண்டியதில்லை. லித்தியம் அயனி மின்கலத்தின் ஆயுளுக்கு அது நல்லது.

திறனும் கொள்ளளவும் சேர்ந்தே உயர்வதற்கும் காரணம் உண்டு. 5.4 கிலோவாட்டை 2.9ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.86, 7 கிலோவாட்டை 3.7ஆல் வகுத்தால் 1.89. இரண்டு வண்டிகளிலும் உச்ச வேளையில் ஒவ்வொரு மின்கலத்தின் மீதும் விழும் சுமை ஏறக்குறைய சமம். பெரிய மின்கலத் தொகுதி இருப்பதால்தான் பெரிய திறனைக் கேட்க முடிகிறது. எனவே வேண்டியது மின்கலமே என்றாலும், பல நேரங்களில் வேகத்தையும் சேர்த்தே வாங்க வேண்டியிருக்கிறது.

நாளுக்கு 40 கி.மீ. செல்பவருக்கு 2.9 கிலோவாட் மணி தாராளம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு நாள்தோறும் சென்று திரும்புபவரின் நிலை வேறு. சென்று வர ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஓசூர் கிருஷ்ணகிரியைவிட ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டியும் ஆளுமாக 180 கிலோ எனில், நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் ஏழு இலட்சம் ஜூல்; அதாவது 0.2 கிலோவாட் மணி. ஏற்றத்திற்கு இவ்வளவுதானா என்று வியப்பாக இருக்கலாம். இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி இதில் ஒரு பகுதியை மீட்டுத் தருவதும் உண்டு.

மின்கலத்தை உண்மையில் காலி செய்வது காற்று. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. 40 கி.மீ. வேகத்தில் செல்பவர் 80 கி.மீ. வேகத்திற்கு மாறினால், ஒவ்வொரு கிலோமீட்டரிலும் காற்றைத் தள்ளச் செலவாகும் ஆற்றல் நான்கு மடங்கு. அதற்குத் தேவையான திறனோ எட்டு மடங்கு. எனவே, நெடுந்தொலைவுக்கென்று வாங்கிய பெரிய மின்கலத்தை, அதனுடன் வாங்கிய வேகமே தின்றுவிடும். ஒரே பயணத்தில் இரண்டையும் முழுமையாக அனுபவிக்க இயலாது.

கார்களிலும் இதே நிலைதான். செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள மகிந்திரா ஆராய்ச்சி மையத்தில் உருவாக்கப்பட்ட பிஇ 6 என்னும் மின்காரின் உயர்வகையை 2025இல் இரண்டு மின்கலத் தொகுதிகளுடன் விற்றனர். 59 கிலோவாட் மணியும் 170 கிலோவாட் திறனும் கொண்டது 24.50 இலட்சம், 79 கிலோவாட் மணியும் 210 கிலோவாட் திறனும் கொண்டது 26.90 இலட்சம். நூறு கிலோமீட்டருக்கு 15 யூனிட் எனக் கொண்டால் முதல் கார் ஏறத்தாழ 390 கி.மீ. ஓடும். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை ஏறத்தாழ 260 கி.மீ. வழியில் எங்கும் நிற்காமல் சென்றுவிடலாம். மாதம் ஒருமுறை சென்னை செல்பவருக்கு 2,40,000 ரூபாய் எதைத் தரும் என்பதை அவரவர் கணக்கிட்டுக்கொள்ளலாம். காரை வாங்கிய பின்னும் திறன் செலவு வைக்கும். மின்னூர்திக்கான மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக் கட்டணம் கிலோவாட் அளவைக் கொண்டே வகுக்கப்பட்டுள்ளது. வேகமாகக் கிளப்பப் பழகிய கால்களால் டயர்களும் விரைவில் தேயும்.

பட்டுப்புடவையும் பாதுகாப்பும்

விரைவினால் பயனே இல்லையா? உண்டு. நான்குவழிச் சாலையில் நீண்ட சரக்கு லாரியைக் கடக்கும்போது கூடுதல் முடுக்கம் உண்மையாகவே உதவும். எதிரே வண்டி வரக்கூடிய குறுகிய சாலையில் அதே முடுக்கம், கடந்துவிடலாம் என்னும் தவறான துணிவையும் தரும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்திலும் 100 கி.மீ. வேகத்திலும் ஓடும் ஒரே வண்டியின் இயக்க ஆற்றலை ஒப்பிட்டால், பின்னது ஏறத்தாழ 2.8 மடங்கு. தடையை அழுத்திய பின் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தொலைவும் அதே விகிதத்தில் நீளும். பதினெட்டு வயது நிறைந்து உரிமம் பெற்ற பின்னரே இத்தகைய வண்டிகளை ஓட்டலாம் என்று சட்டம் கூறுவது வெறும் சடங்கு அன்று.

இன்பத்திற்காக வாங்குவதும் குற்றமன்று. திருமணத்திற்கு எடுக்கும் பட்டுப்புடவை எத்தனை ஆண்டில் தன் விலையைத் திருப்பித் தரும் என்று யாரும் கேட்பதில்லை. விரைவான வண்டியில் ஒருவருக்கு மகிழ்ச்சி இருக்குமானால், தம் பணத்தில் அவர் அதை வாங்கலாம். ஆனால் பட்டுப்புடவையைப் பட்டுப்புடவை என்றே சொல்லி எடுக்கிறோம். பெட்ரோலை மிச்சப்படுத்தும் என்று சொல்லி எடுப்பதில்லை. கூடுதல் பணம் கையில் இருந்தால், அது முதலில் மின்கலத்திற்கும் தரமான தலைக்கவசத்திற்கும், எஞ்சினால் வேகத்திற்கும் செல்ல வேண்டும் என்பது என் கருத்து.

என் மாணவர் குறைந்த விலை வண்டியையே எடுத்தார். ஏழெட்டு மாதங்கள் கழித்து அவருக்கு ஓசூரிலுள்ள பிரிவில் பதவி உயர்வு கிடைத்தது. நாங்கள் போட்ட கணக்கில் இந்தத் தொலைவு இல்லை. பெரிய மின்கலம் உள்ள வண்டியை வாங்கியிருந்தாலும் நாகரசம்பட்டியிலிருந்து ஓசூருக்குச் சென்று திரும்ப அது ஒருமுறை மின்னேற்றத்தில் போதாது என்று அவரே கணக்கிட்டுச் சொன்னார். இப்போது காலையில் ஸ்கூட்டரைக் கிருஷ்ணகிரிப் பேருந்து நிலையத்தில் நிறுத்திவிட்டு, ஓசூர்ப் பேருந்தில் ஏறுகிறார்.