ஒரே பட்டன், முழுப் பொறுப்பு

லண்டனின் சாவில் ரோ தெருவில் 11ஆம் எண்ணில் இருக்கிறது ஹன்ட்ஸ்மன் தையற்கடை. 1849இல் தொடங்கி, குதிரையேறுபவர்களுக்கான காற்சட்டைகள் தைத்துப் பெயர் வாங்கிய கடை. ‘கிங்ஸ்மேன்’ படத்தில் உளவாளிகளின் தையற்கடையாக வரும் முகப்பு இதனுடையதுதான். ஹன்ட்ஸ்மன் கோட் என்றாலே ஒற்றைப் பட்டன். குதிரையேற்றக் கோட்டின் வெட்டும் இரவு விருந்துக் கோட்டின் பட்டனும் சேர்ந்து உருவான பாணி அது. தோள் எடுப்பாக நிற்கும், இடுப்பு ஒடுங்கும், அதற்குக் கீழே துணி லேசாக விரிந்து இறங்கும்.

அந்த விருந்துக் கோட்டுக்கும் ஒரு கதை உண்டு. பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரான இளவரசருக்காக 1865இல் வால் இல்லாத குட்டைக் கோட் ஒன்றைத் தைத்ததாக, அதே தெருவின் ஹென்றி பூல் நிறுவனம் சொல்கிறது. டக்ஸீடோவின் ஆரம்பம் அதுதான் என்பார்கள். டக்ஸீடோவுக்கு இன்றும் ஒற்றைப் பட்டன்தான் முறை.

பட்டன் ஒன்றாகும்போது கோட்டின் முன்மடிப்பான லேப்பல் கழுத்திலிருந்து இடுப்புவரை நீளமாக ஓடுகிறது. சட்டையும் டையும் ஆழமான ‘வி’ வடிவில் தெரிகின்றன. மார்பு அகன்றும் ஆள் உயர்ந்தும் தோன்றுவது இதனால்தான். குள்ளமானவர்களுக்கு மூன்று பட்டன் கோட்டைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். உடம்பு ஒடுங்கும் இடம், அதாவது தொப்புளுக்குச் சற்று மேலே. அதற்குக் கீழே இறங்கினால் கால்கள் குட்டையாகத் தெரியும். மேலே ஏறினால் தம்பியின் கோட்டை வாங்கிப் போட்டது போலிருக்கும். முன்பக்க இழுப்பு முழுவதையும் அந்த ஒரு பட்டனே தாங்குகிறது. பூட்டியதும் அதைச் சுற்றி நான்கு பக்கமும் சுருக்கம் ஓடினால் கோட் இறுக்கம். பக்கத் தையலைப் பிரித்து விட்டுக்கொள்ளலாம், தோளைக்கூடச் சரிசெய்யலாம். ஆனால் காஜா வெட்டிய பிறகு அதை நகர்த்த வழியே இல்லை.

பட்டனுக்குக் கீழே முன்பக்கம் வளைந்து திறந்துகொள்ளும். இடுப்பு இறங்கிய பேண்ட் போட்டால், அந்தத் திறப்பில் சட்டைத் துணி முக்கோணமாக எட்டிப் பார்க்கும். பெல்ட் பக்கிளும் கண்ணை உறுத்தும். இன்று ரெடிமேடில் கிடைக்கும் பேண்ட்டுகளில் பல இப்படி இறங்கியவைதான். நல்ல கோட்டைக்கூட இவை கெடுத்துவிடுகின்றன. கோட்டுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது பேண்ட்டின் உயரத்துக்குக் கொடுக்க வேண்டும்.

உள்ளே இருப்பதும் முக்கியம். நல்ல கோட்டில் மேல்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே குதிரைமுடி கலந்த கேன்வாஸ் வைத்துத் தைத்திருப்பார்கள். அதனால்தான் லேப்பல் பட்டனருகே மெல்லச் சுருண்டு திரும்புகிறது. விலை குறைந்தவற்றில் பசைத்துணியை ஒட்டி அயர்ன் செய்துவிடுவார்கள். லேப்பல் தட்டையாகப் படிந்துவிடும். காஜாவுக்குச் சற்றுக் கீழே மேல்துணியை ஒரு விரலாலும் லைனிங்கை மறுவிரலாலும் பிடித்துத் தேய்த்துப் பாருங்கள். நடுவில் மூன்றாவது அடுக்கு தனியாக நழுவினால் அது கேன்வாஸ்.

லேப்பலில் மேல்நோக்கிய கூர்முனை சூட்டுக்கும் டக்ஸீடோவுக்கும் கம்பீரம். சாதாரண பிளேசருக்கு அது ஒட்டாது என்பது என் கருத்து. அங்கே வெட்டு லேப்பலே போதும். டக்ஸீடோ பாக்கெட்டுக்கு மூடி வேண்டாம்.

இரண்டு பட்டன் கோட்டில் கீழ்ப் பட்டனைப் பூட்டக் கூடாது என்ற விதி பலருக்குத் தெரியாது. ஒற்றைப் பட்டனில் அந்தக் குழப்பமே இல்லை. நிற்கும்போது பூட்டுங்கள், உட்காரும்போது கழற்றுங்கள்.

கல்யாண ரிசப்ஷனுக்குக் கோட் தைக்கக் கொடுத்திருப்பவர்கள், அன்று போடப்போகும் பேண்ட்டோடும் ஷூவோடும் ட்ரையலுக்குப் போங்கள். பட்டன் வரும் இடத்தில் குண்டூசி குத்தச் சொல்லி, நின்று பாருங்கள், கைகுலுக்குவது போல் கையை நீட்டிப் பாருங்கள். திருப்தியான பிறகே காஜா வெட்டச் சொல்லுங்கள்.