'டி.ஏ 50 ஆக்கித் தர்றோம்'னு மெசேஜ் வருதா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

"உங்க வெப்சைட்டோட டி.ஏ-வை ஒரே மாசத்துல 50 ஆக்கித் தர்றோம்!" - சொந்தமா ஒரு பிளாக், சின்னதா ஒரு ஆன்லைன் கடைன்னு ஆரம்பிச்ச பலருக்கும் இப்படி ஒரு மெசேஜ் வந்திருக்கும். பணம் கட்டினா லிங்க், லிங்க் வந்தா ஸ்கோர், ஸ்கோர் ஏறினா கூகுள்ல முதலிடம், முதலிடம் வந்தா கூட்டம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, இதுல எவ்வளவு உண்மை?

ஸ்கோர் பிறந்த கதை

1990-களின் பிற்பகுதி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜ், செர்கே பிரின் இருவருக்கும் ஒரு யோசனை. அதிகம் பேர் மேற்கோள் காட்டும் ஆராய்ச்சிக் கட்டுரைக்கு மதிப்பு அதிகம். அதே மாதிரி, மற்ற பக்கங்கள் லிங்க் கொடுக்கும் இணையப் பக்கத்துக்கும் மதிப்பு கொடுத்தா என்ன? அப்படிப் பிறந்ததுதான் 'பேஜ்ரேங்க்'. 1998-ல் தொடங்கிய கூகுளுக்கு அதுதான் அஸ்திவாரம்.

இதுல ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு, லிங்க் கொடுக்கிற பக்கத்துக்கே மதிப்பு இருக்கணும். ரெண்டு, அந்தப் பக்கம் தன் மதிப்பைப் பங்கு போட்டுத்தான் கொடுக்கும். 5 லிங்க் இருந்தா உங்களுக்கு அஞ்சுல ஒரு பங்கு. 500 லிங்க் கொட்டிக்கிடந்தா ஐந்நூறுல ஒரு பங்கு. மொத்தமா விற்கிற லிங்க்குக்கு ஏன் மதிப்பில்லைனு இப்போ புரியுதா?

சுந்தர் பிச்சையும் டூல்பாரும்

2000-ல் வந்த கூகுள் டூல்பார், ஒவ்வொரு பக்கத்துக்கும் 0 முதல் 10 வரை ஸ்கோர் காட்டியது. மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை, 2004-ல் கூகுளில் சேர்ந்த புதிதில் வேலைபார்த்தது இந்த டூல்பாரில்தான். ஸ்கோர் கண்ணுக்குத் தெரிஞ்சதும் லிங்க் விற்கிற சந்தையும் சூடுபிடிச்சது.

2011 பிப்ரவரியில், அமெரிக்காவின் ஜே.சி.பென்னி கடைக்காக ஆயிரக்கணக்கான போலி லிங்க்குகள் போடப்பட்டிருந்ததை 'நியூயார்க் டைம்ஸ்' அம்பலப்படுத்தியது. கூகுள் நடவடிக்கை எடுக்க, ஒரு தேடலில் முதலிடத்தில் இருந்த அந்தக் கடை சில மணி நேரத்தில் 71-வது இடத்துக்குப் போனது. 2012-ல் 'பென்குயின்' அப்டேட் வந்து, போலி லிங்க் போட்ட பல தளங்களைக் கீழே தள்ளியது. 2016-ல் ஸ்கோர் காட்டுவதையே கூகுள் நிறுத்திவிட்டது.

அப்போ டி.ஏ? அது 'மாஸ்' என்ற தனியார் நிறுவனம் 100-க்குப் போடுற மதிப்பெண். கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை. அதாவது, நீங்க காசு கொடுக்கிறது, தேர்வை நடத்தாத ஒருத்தர் போடுற மார்க்குக்கு!

லிங்க்கே வேண்டாமா?

வேணும். பேஜ்ரேங்க் இன்னமும் கூகுளுக்கு உள்ளே இருக்கு. ஆனா, அது பல கணக்குகளில் ஒண்ணு மட்டுமே. எவ்வளவு தேவைங்கிறது போட்டியைப் பொறுத்தது.

உதாரணத்துக்கு, சங்கரன்கோவில் பக்கத்துல இருக்கிற கரிவலம்வந்தநல்லூர் உங்க ஊர்னு வெச்சுக்குவோம். 'சிறந்த செல்போன்' பத்தி எழுதினா, பெரிய பெரிய தளங்களோட மோதணும். அங்கே லிங்க் பலம் இல்லாம ஜெயிக்கிறது கஷ்டம். அதுவே உங்க ஊர் பால்வண்ணநாதர் கோயில் பத்தின்னா? நடை திறக்கும் நேரம், பஸ் வசதி, அந்த வட்டாரத்துப் பஞ்சபூதத் தலங்களில் இது நெருப்புத் தலம்ங்கிற தகவல், சொந்தமா எடுத்த போட்டோ எல்லாம் தெளிவா இருந்தா, ஒண்ணு ரெண்டு லிங்க்கோடயே மேலே வர வாய்ப்பிருக்கு.

ஆனா, முதலிடம் வந்தாலே கூட்டம் வராது. தேடுறவங்க இருக்கணும். சங்கரன்கோவில் ஆடித்தபசு சமயத்துல அந்தப் பக்கம் வர்றவங்க, சுத்தி இருக்கிற கோயில்களையும் தேடுவாங்க. ஆடி பிறந்த பிறகு எழுத உட்காராம, ஒரு மாசம் முன்னாடியே பக்கத்தைத் தயார் பண்ணிடுங்க.

காசில்லாம என்ன செய்யலாம்?

* கூகுளின் 'சர்ச் கன்சோல்' இலவசம். எந்த வார்த்தையைத் தேடி வர்றாங்க, எத்தனை பேர் கிளிக் பண்றாங்கன்னு அதுல பாருங்க.

* சிலர் 'கோவில்'னு தேடுவாங்க, சிலர் 'கோயில்'னு தேடுவாங்க. சிலர் ஊர்ப் பெயரையே 'கரிவலம்'னு சுருக்கிடுவாங்க. மக்கள் சொல்ற பெயர்களும் பக்கத்துல இயல்பா வரட்டும்.

* பழைய பதிவுகளிலிருந்து புதுப் பதிவுக்கு நீங்களே லிங்க் கொடுங்க. அதுவும் கணக்குல சேரும்.

* இன்ஸ்டா, ஃபேஸ்புக் லிங்க்குகள் ஸ்கோரைப் பெருசா ஏத்தாது. ஆனா, ஆட்களைக் கூட்டிட்டு வரும். நமக்கு வேண்டியது அதுதானே?

அடுத்த தடவை அந்த மெசேஜ் வந்தா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க... "நீங்க போடுற லிங்க்கை கிளிக் பண்ணி நிஜமா யாராவது வருவாங்களா?" பதில் இல்லைன்னா, பணம் உங்க பாக்கெட்டுலேயே இருக்கட்டும்!