ஹவாய் பிள்ளைகள் பெயர் வைத்த வானம்

வானங்கள், பூமியின் படைப்பையும், மனிதர்களின் மொழிகள் வேறுபட்டிருப்பதையும் ஸூரா அர்ரூமின் 22ஆம் வசனம் ஒருசேர இறை அத்தாட்சிகளாக எண்ணுகிறது. வானத்துக்கும் மொழிக்கும் என்ன தொடர்பு என்று நாம் பெரும்பாலும் யோசிப்பதில்லை. ஹவாய் தீவுகளின் பள்ளிப் பிள்ளைகள் யோசித்திருக்கிறார்கள்.

அங்கே 1896ல் வந்த சட்டம் ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாக்கியது. ஹவாய் மொழி பேசும் பிள்ளைகள் அருகிப் போனார்கள். 1984ல் முழுக்க ஹவாய் மொழியிலேயே பேசிப் பழக்கும் மழலையர் பள்ளி தொடங்கியது. 1987ல் அரசுப் பள்ளிகளுக்கும் அம்முறை வந்தது.

ஹிலோ நகரில் 2006ல் திறக்கப்பட்ட இமிலோவா வானியல் மையத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலாவாக வருவார்கள். விளக்கப் பலகைகள் ஹவாய் மொழியிலும் இருக்கும். 2018ல் ஹவாய்வழியில் படிக்கும் மாணவர்களை அழைத்து, அத்தீவுகளின் தொலைநோக்கி கண்டுபிடித்த இரண்டு சிறுகோள்களுக்குப் பெயர் வைக்கும் பொறுப்பை இம்மையம் கொடுத்தது. பெயர் வைக்க வேண்டுமென்றால் அது எப்படிச் சுற்றுகிறது என்று முதலில் படித்தாக வேண்டுமல்லவா? ஒன்று வியாழனின் பாதையிலேயே எதிர்த்திசையில் சுற்றுவது. வியாழனின் குறும்புக்காரத் துணை என்ற கருத்தில் அதற்குப் பெயரிட்டார்கள். மற்றது பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்றிவருவது. அதற்கு 'காமோஓஅலெவா', ஊசலாடும் வான்துண்டு என்று வைத்தார்கள். 2019ல் அது அதிகாரப்பூர்வப் பெயரானது. சீனா 2025ல் ஏவிய தியான்வென்-2 விண்கலம் அதை நோக்கியே அனுப்பப்பட்டது.

நம் மக்தப் பிள்ளைகளோ அரபியை எழுத்துக்கூட்டி அழகாக ஓதுகிறார்கள். சொல்லின் பொருள் பலருக்கு எட்டுவதே இல்லை. வானமோ அரபிப் பெயர்களால் நிறைந்திருக்கிறது! ரிஜெல் விண்மீன் 'ரிஜ்ல்', அதாவது கால். ஃபோமல்ஹாட் 'ஃபமுல் ஹூத்', மீனின் வாய். யூனுஸ் நபியை விழுங்கிய மீனைக் குர்ஆன் 'ஹூத்' என்றே சொல்கிறது. நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு வைக்கும் சுரையா என்ற பெயரே கார்த்திகை விண்மீன் கூட்டம்தான். அதன் பின்னால் வருவதால் ஆல்டெபரான், 'அத்தபரான்', பின்தொடர்வது. எத்தனை சுரையாக்களுக்கு இது தெரியும்?

இதற்கு ஹவாய்க்குப் போக வேண்டியதில்லை, கோளரங்கம்கூட வேண்டாம். தை, மாசி மாதங்களில் இஷா தொழுகைக்குப் பிறகு உஸ்தாத் பிள்ளைகளை மொட்டைமாடிக்கு அழைத்துப் போகலாம். சுரையாவை முதலில் காட்டி, அங்கிருந்து கிழக்கே செம்மஞ்சளாக மின்னும் அத்தபரானையும், இன்னும் தென்கிழக்கே வெண்ணீலமாக ஒளிரும் ரிஜ்லையும் காட்டலாம். மூன்றும் வெறுங்கண்ணுக்கே தெரியும்.