வீட்டுக்குள் வந்த வாந்திபேதி

"உண்பதற்கு முன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்" என்று முப்பத்துநான்கு ஆண்டுகள் வகுப்பறையில் சொல்லி ஓய்வு பெற்றவன் நான். சென்ற மழைக்காலத்தில் அந்தப் பாடத்தை நானே மறந்தேன். அதனால் நேர்ந்ததை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மூன்றாம் வகுப்பிற் படிக்கும் என் பேரன் பள்ளியிலிருந்து வந்த மாலையே வாந்தி எடுத்தான். அதைத் துடைத்தவன் நான். துடைத்த கையை வெறும் தண்ணீரில் அலம்பிவிட்டு, எட்டு மாதக் குழந்தையான அவன் தங்கைக்குக் கஞ்சி கரைத்து ஊட்டினேன். மறுநாள் என் மனைவி படுத்தாள். அதற்கடுத்த நாள் நானும் குழந்தையும் ஒருங்கே நோயுற்றோம். தொட்டிலுக்கு நோயைக் கொண்டு சென்றவன் நானாகவே இருக்கலாம்.

இத்தகைய நோய்க்குப் பெரும்பாலும் வைரஸ் கிருமிகளே காரணம். 1968ஆம் ஆண்டு அமெரிக்காவின் நார்வாக் என்னும் ஊரில், ஒரு பள்ளியில் வாந்தி நோய் பரவியது. அதற்குக் காரணமான கிருமியை 1972இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் உதவியால் கண்டறிந்தனர். அதுவே இன்று நோரோ வைரஸ் எனப்படுகிறது. குழந்தைகளை மிகுதியாக வாட்டும் ரோட்டா வைரஸ் 1973இல் மெல்போர்ன் நகரில் கண்டறியப்பட்டது. அதற்குரிய சொட்டு மருந்து 2016 முதல் நம் நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்துள்ளது. நோரோ வைரஸ் மிகச் சிலவே உட்சென்றாலும் நோய் உண்டாகும். கைக்குத் தடவும் சானிடைசர் அதனிடம் நன்கு செல்லாது. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு தேய்த்துக் கழுவுவதே தக்க வழி.

குழந்தைக்கு ஒரே நாளில் எட்டு முறை பேதியாயிற்று. எழுபது வயதைக் கடந்த என் அக்காள், "தம்பி, பாலையும் தண்ணீரையும் நிறுத்து, வயிறு காய்ந்தால் பேதி தானே நிற்கும்" என்றாள். அவள் அன்பினாற் சொன்னாள். ஆனால் அச்சொல் என்னை நடுங்கச் செய்தது. 1970இல், எனக்குப் பத்து வயதாயிருந்தபோது, எங்கள் கடைசித் தம்பிக்குப் பேதி கண்டது. அன்றும் வீட்டுப் பெரியவர்கள் தண்ணீரை நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் அவன் இறந்தான்.

பேதியில் உயிரைக் கவர்வது பெரும்பாலும் உடலின் நீரும் உப்பும் வற்றிப்போவதே. குழந்தையின் உடல் சிறியது. ஆதலின் விரைவில் வற்றிவிடும். வெறும் தண்ணீர் மட்டும் அக்குறையை நிரப்பாது. சிறுகுடலின் சுவரில் ஒருவகை வாயில் உண்டு. உப்பும் சர்க்கரையும் கைகோத்து வந்தால் அது திறக்கும். அவ்விரண்டின் பின்னே நீரும் உள்ளே செல்லும். பேதியின்போதும் அவ்வாயில் பழுதுபடாமல் வேலை செய்கிறது.

1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்து அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துவிட்டது. டாக்டர் திலீப் மகாலனோபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். நோயாளிகளின் உறவினர்களே அதை ஊட்டினர். நூற்றுக்கு முப்பது பேர் மாண்ட நிலை மாறி, நான்கு பேருக்கும் குறைவாயிற்று. அது என் தம்பி இறந்ததற்கு அடுத்த ஆண்டு.

இதை அக்காளுக்குச் சொன்னேன். அவள் பேசாமல் எழுந்து, தம்ளரும் கரண்டியும் எடுத்து வந்தாள். மருத்துவரிடம் காட்டினோம். அவர் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் துத்தநாக மருந்தும் கொடுத்தார். பொட்டலத்தில் குறித்த அளவு, காய்ச்சி ஆறவைத்த நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்கவேண்டும். ஒரு நாள் கடந்தால் கொட்டிவிட வேண்டும். பொட்டலம் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். உப்பு மிகுவது குழந்தைக்குக் கேடு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி ஒவ்வொரு கரண்டியாக ஊட்டவேண்டும். தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தலாகாது.

கண் குழிதல், உச்சிக்குழி அமுங்குதல், அழுதும் கண்ணீர் வாராமை, சிறுநீர் குறைதல், சோர்ந்து துவளுதல், மலத்தில் இரத்தம், எதைக் கொடுத்தாலும் வாந்தி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்க.

நோயுற்றவர் குணமான பின்னும் இரண்டு நாள் சமையலறைக்குள் புகாதிருத்தல் நன்று. நாங்களும் அவ்வாறே செய்தோம். வீட்டில் நோய் அணுகாதவள் மருமகள் ஒருத்தியே. சமையல் அவள் பொறுப்பாயிற்று. கரைசல் ஊட்டும் பணியை அக்காள் ஏற்றாள்.

இரண்டாம் நாள் விடியற்காலையில் அக்காள் என்னை எழுப்பினாள். "தம்பி, தொட்டில் துணி நனைந்திருக்கிறது" என்றாள். குழந்தை சிறுநீர் கழித்திருந்தது. நனைந்த துணியைக் கண்டு ஒருவர் கண்ணீர் விட்டதை அன்றுதான் நான் கண்டேன்.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் தண்ணீரை நிறுத்தச் சொல்லும் பெரியவர் இருக்கலாம். அவரை இகழாதீர்கள், காரணத்தைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். பிறகு கரண்டியை அவர் கையிலேயே கொடுங்கள்.