நெல் சுணை பட்ட கண்ணும், லட்ச ரூபாய் மைக்ராஸ்கோப்பும்

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கில் பெண்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. கதிர் அறுப்பு, திராட்சைத் தோட்டத்தில் கவாத்து, கரும்புத் தோகை உரிப்பு என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். கூடவே கண்ணுக்கு ஆபத்தும் உண்டு!

"அத்தை, கண்ணுல நெல் சுணை பட்டுடுச்சு. ரொம்ப உறுத்துது."

"கொஞ்சம் பொறு தாயி. பக்கத்து வீட்டுல பால் குடுக்கிறவ இருக்கா. ரெண்டு சொட்டு பீச்சிவிடச் சொல்றேன், சரியாயிடும்."

அன்பாகச் செய்கிற வைத்தியம்தான். ஆனால் இதில் கழிகிற இரண்டு மூன்று நாளில் பார்வையே பறிபோகலாம்.

கீறலில் நுழையும் பூசணம்

கருவிழியின் மேல் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. அதன் கனம் அரை மில்லிமீட்டர்தான். இலையோ, முள்ளோ, உமியோ அதைக் கீறினால், அவற்றில் ஒட்டியிருக்கும் பூசணம் உள்ளே புகுந்து நூல் நூலாக வளரும். புண்ணாகும்; ஆறினாலும் வெள்ளைத் தழும்பு விழும்.

தேனி தனி மாவட்டமாகாமல் மதுரையோடு சேர்ந்திருந்த 1993-ல் ஒரு கணக்கு எடுத்தார்கள். மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 11 பேருக்குக் கருவிழிப் புண் வந்திருந்தது. அமெரிக்காவில் ஒரு பகுதியில் எடுத்த கணக்கைப் போல இது பத்து மடங்கு!

கண்ணை அறுக்காமல் பார்க்கும் கருவி

புண்ணுக்குக் காரணம் பூசணமா, பாக்டீரியாவா? இது தெரிந்தால்தான் சரியான மருந்து தர முடியும். வழக்கமாகப் புண்ணை லேசாகச் சுரண்டி எடுத்து, சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். செலவு குறைவு, பெரும்பாலும் விடையும் கிடைத்துவிடும். ஆனால் பூசணம் ஆழத்தில் இருந்தால் சுரண்டலில் சிக்காது. வளர்த்துப் பார்க்கலாம் என்றாலோ பல நாள் ஆகும்.

இங்கேதான் 'கான்ஃபோகல் மைக்ராஸ்கோப்' கைகொடுக்கிறது. இதன் அடிப்படை யோசனைக்கு அமெரிக்க விஞ்ஞானி மார்வின் மின்ஸ்கி 1957-ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து விட்டு, கருவியின் முனையை மெல்லத் தொடவைப்பார்கள். லேசர் ஒளி ஒரே ஒரு அடுக்கில் குவியும். மற்ற அடுக்குகளிலிருந்து வரும் ஒளியை ஊசித்துளை போன்ற ஒரு துளை தடுத்துவிடும். வெங்காயத்தை உரிக்காமலே அதன் ஒவ்வொரு தோலையும் பார்ப்பது போல! பூசண இழை, நரம்பு, நோயை எதிர்க்க வந்து கூடும் அணுக்கள் எல்லாம் உயிருள்ள கண்ணிலேயே தெரியும்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 2011, 2012-ல் கடுமையான கருவிழிப் புண்ணோடு வந்த 239 பேரை இந்தக் கருவியால் ஆராய்ந்தார்கள். முக்கால்வாசிப் பேருக்குப் பூசணம்தான் காரணம். பூசணம் இருந்த நூறு பேரில் சுமார் 86 பேரைக் கருவி சரியாகக் காட்டிக்கொடுத்தது.

வாங்கினால் மட்டும் போதுமா?

விலை பல லட்சம். அதோடு, படத்தைப் பார்த்து 'இது நரம்பு, இது பூசணம்' என்று பிரித்துச் சொல்லப் பழகிய கண்ணும் வேண்டும். சாதாரண பாக்டீரியா மிகச் சிறியது; இந்தக் கருவிக்கே தெரியாது. அதனால் சுரண்டல் பரிசோதனையை இன்றும் யாரும் கைவிடவில்லை.

எந்த ஊரில் எந்தக் கருவி வாங்கினாலும், நோயாளி நேரத்தோடு வந்தால்தானே பயன்? அந்தப் பொறுப்பு நம் கையில் இருக்கிறது, சகோதரிகளே!

நீங்கள் செய்ய வேண்டியவை

* கண்ணில் ஏதாவது பட்டால் கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள்.

* நாக்கால் தூசி எடுப்பது, தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு விடுவது எதுவும் வேண்டாம்.

* வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் பூசணம் இன்னும் வேகமாகப் பரவும்.

* சிவப்பு, வலி, நீர் வடிதல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். தேனியில் அரவிந்த் கிளை 1985 முதல் இருக்கிறது. க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு.

* டாக்டர் தந்த மருந்தை, கண் தெளிந்தது போலிருந்தாலும், அவர் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள். பூசணப் புண் ஆற வாரக்கணக்கில் ஆகும்.

ஒரு நாள் கூலி போகிறதே என்று தயங்க வேண்டாம். போன பார்வையை எந்தக் கூலி கொடுத்தும் வாங்க முடியாது!