இடுப்புக் கதிர்வீச்சுக்குப் பின் யோனிச் சுருக்கமும் தடுப்பும்

முன்னுரை

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு உடலின் வெளியிலிருந்தும், கதிர்மூலத்தைக் கருப்பையிலும் யோனியிலும் வைத்து உள்ளிருந்தும் கதிர்வீச்சு அளிக்கப்படுகிறது. நோய் நீங்கிய பின்னும் நீடிக்கும் விளைவுகளுள் ஒன்று யோனிச் சுருக்கம். தாம்பத்திய உறவோடு மட்டும் இணைத்து நோக்கப்படுவதால் இது குறித்த பேச்சு தவிர்க்கப்படுகிறது.

தோற்றம்

கதிர்வீச்சு யோனியின் உட்படலத்தையும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் பாதிக்கிறது. படலம் மெலிந்து வறள்கிறது. நார்த்திசு பெருகி நெகிழ்ச்சி குன்றுகிறது. புண்பட்ட சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் கூடும். இதனால் உறவின்போது வலி உண்டாவதோடு, நோய் மீண்டுள்ளதா என அறியும் யோனிவழிப் பரிசோதனையும் கடினமாகிறது. எனவே மணமாகாதோர்க்கும் கைம்பெண்களுக்கும் தடுப்பு தேவையே.

தடுப்பு

தடுப்பு, சிகிச்சையைத் திட்டமிடும்போதே தொடங்குகிறது. பல நாட்டு மருத்துவமனைகள் பங்கேற்ற எம்ப்ரேஸ் ஆய்வின் அடிப்படையில், மலக்குடலுக்கும் யோனிக்கும் இடைப்பட்ட குறிப்புப் புள்ளியில், 2 கிரே தவணைக்குச் சமன்செய்த மொத்தக் கதிரளவை 65 கிரேக்குள் அடக்குவது இலக்காகக் கொள்ளப்படுகிறது.

சிகிச்சை முடிந்து அழற்சி தணிந்த பின், பொதுவாக 2 முதல் 4 வாரங்களில், விரிப்பான் பயிற்சி தொடங்கப்படுகிறது. நீர்சார்ந்த வழவழப்புக் களிம்பு தடவி, வாரம் 2 அல்லது 3 முறை சில நிமிடங்கள் பயன்படுத்துவது வழக்கம். கதிர்வீச்சு நடைபெறும் காலத்தில் இதைச் செய்தால் காயம் நேரலாம் என 2014ஆம் ஆண்டுக் காக்ரேன் மீளாய்வு எச்சரிக்கிறது. பின்னர்ச் செய்வதன் பயனுக்கும் நோக்காய்வுச் சான்றுகளையே அது காட்டுகிறது.

முடிவுரை

விரிப்பானைக் கையில் கொடுப்பது மட்டும் போதாது. அது ஏன், எப்போது, எவ்வாறு என்பதைச் சிகிச்சைக்கு முன்பே தனிமையில் விளக்குவதும் தடுப்பின் பகுதியே. பரிசோதனைக்கான தேவையை முதலில் எடுத்துரைத்தால் கூச்சமின்றிப் பேச வழி பிறக்கும்.